கொடைக்கானலில் ஒரு நாள், பதினோரு டீக்கடை

போன வாரம் மகளின் தோழிகள் நான்கு பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொடைக்கானல் போகத் திட்டம் போட்டார்கள். எட்டு மணிக்கு வெள்ளி நீர்வீழ்ச்சி, எட்டே முக்காலுக்கு ஏரி, பத்தரைக்குத் தூண் பாறை என்று ஒருத்தி செல்போனைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே போனாள். ஒரே நாளில் பன்னிரண்டு இடம். இ-பாஸ்கூட எடுத்தாகிவிட்டது. அவர்களில் ஒருத்திக்குச் சளி. கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை ஊற்றி முகர்ந்துகொண்டிருந்தாள். காபியோடு உள்ளே நுழைந்த எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

"அம்மா, நீதான் சின்ன வயசுலயே போயிருக்கியே. ஒரு நாள்ல எதைப் பாக்கணும், எதை விட்டுடலாம்?" என்றாள் மகள்.

நான் பார்த்தது பதினோரு டீக்கடைதான் என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவுக்குக் கிண்டல் அதிகம் என்று மகள் வேறு பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, பன்னிரண்டு இடம் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி அவசரம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். உட்காருங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் கப்பலேறி வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. அம்மாவின் தம்பி செல்லத்துரை மாமாவும் எங்களோடுதான் வந்தார். ஆனால் மில்லில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. மலையில் பிறந்தவனுக்குப் பஞ்சுத் தூசி ஆகாது என்று நாளும் பொழுதும் புலம்புவார். ஒரு நாள் கங்காணி ஒருவர் கொடைக்கானல் மேல்மலைக்கு ஆள் சேர்க்க வந்தார். தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற வேலை. மாமா போர்வையைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டார். போனதும் ஒரு கடிதம் வந்தது. இங்கே குளிர் நம் தோட்டத்துக் குளிர் மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தார். பிறகு இரண்டு வருடம் ஒரு வரி இல்லை.

இரண்டு வருடம் கழித்து, மேல்மலையில் கூலி வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் மில் வாசலில் வைத்து அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், சிலோன்காரச் செல்லத்துரை மேலே மரம் சாய்ந்து செத்துப்போனானாமே, உங்களுக்குத் தெரியாதா என்று. நேரில் பார்த்தீர்களா என்று அம்மா கேட்டாள். இல்லை, கேள்விப்பட்டதுதானாம். சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அப்பா ஓவென்று அழ ஆரம்பித்தார். அம்மா அவரை அடக்கினாள். செத்தது நிச்சயமில்லாமல் ஒருவனுக்கு அழக்கூடாது, அழுதால் இருக்கிற ஆயுசும் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறேன், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு. அப்பாவுக்கு அன்றைக்கு வேலை முறை, லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பலகை வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டாள். ஞாயிறு காலை ஏறி, மாலை கடைசி பஸ்ஸில் இறங்கிவிட வேண்டும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமா இருக்கிறாரா இல்லையா என்று பார்க்கத்தான் போகிறோம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கொடைக்கானல் ஏரியில் படகில் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். தேடுவதுதான் தேடுகிறோம், ஏரிப் பக்கமாகவே தேடினால் என்ன என்று உள்ளுக்குள் ஒரு யோசனை. பன்னிரண்டு வயதில் அவ்வளவுதான் அறிவு.

மலைப்பாதையில் பஸ் ஏற ஏற எனக்குக் குமட்டியது. இப்போது ஆட்கள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற வெள்ளி நீர்வீழ்ச்சியை நான் வாந்தி எடுத்தபடி பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நீலகிரித் தைலப் புட்டியை என் மூக்கில் காட்டினார். அம்மா ஒரு கையால் என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் மாமாவின் படம் இருந்தது. கப்பலேறுவதற்காகப் பதினேழு வயதில் எடுத்த பாஸ்போர்ட் படம் அது. கோட்டு இரவல் கோட்டு. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இன்னொரு ஆள் நுழையலாம்.

இறங்கியதும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். மேல்மலையில் செத்தால் இங்கே கொண்டுவர மாட்டார்கள், அங்கேயே புதைத்துவிடுவார்கள் என்றார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாழ்ந்த குரலில் சொன்னார். மேல்மலை என்றால் எந்த ஊர் என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் என்று அவர் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸில் போய் வரவே ஒரு பொழுது ஆகுமாம். எங்களிடம் இருந்ததே ஒரு பொழுது.

பிறகு கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டினோம். இரவல் கோட்டுப் பையனை யாருக்கும் தெரியவில்லை. அப்போதே பதினொன்றரை இருக்கும். பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் நடை தளர்ந்தது. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்போம் என்று ஒரு டீக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் ஒரு பாய். தொப்பி போட்டு, ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றியிருந்தார்.

அம்மா டீ கேட்கிற விதம் எனக்கு எப்போதுமே மானக்கேடு. பால் வேண்டாம், சாயத்தண்ணி மட்டும் போதும் என்பாள். சீனியைக் கிளாஸில் போடக்கூடாது, தனியாக உள்ளங்கையில் கொடுக்க வேண்டும். கையில் இருக்கிற சீனியை நாக்கு நுனியால் ஒரு தொடு, சாயத்தண்ணியில் ஒரு மிடறு, மறுபடி ஒரு தொடு. தோட்டத்தில் சீனி தட்டுப்பாடு, கிளாஸில் கரைத்தால் ஒரே கிளாஸோடு தீர்ந்துவிடும், நக்கிக் குடித்தால் ஒரு கரண்டி இரண்டு கிளாஸுக்கு வரும். தோட்டத்தை விட்டு வந்து, சீனிக்குக் குறைவில்லாத ஊரிலும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் குடித்தார்கள். பள்ளியில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். நான் எப்போதோ பால் டீக்கு மாறிவிட்டிருந்தேன். அன்றைக்கும் அம்மா உள்ளங்கையை நீட்டியதும் நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பாய் சீனியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். அம்மா குடிப்பதையே பார்த்தார். பிறகு எதற்காக வந்தோம் என்று விசாரித்தார். அம்மா படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"படத்த வச்சு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. பேரும் தெரியாது. ஆனா இந்தா நீங்க குடிக்கிறீங்கள்ல, இப்பிடிக் கையில சீனி வாங்கிக் குடிக்கிறவங்க நாலஞ்சு பேரு உண்டு. எல்லாம் மேமலைக் கூலிக்காரங்க. ஞாயித்துக்கெழமைச் சந்தைக்கு எறங்குவாங்க. இன்னைக்குச் சந்தைதான். பேரக் கேக்காதீங்க, டீ குடிக்கிற தினுசக் கேளுங்க. வெரசாப் போங்க."

அம்மா எழுந்த வேகத்தை நான் இன்றும் சொல்வேன், கையில் மிச்சமிருந்த சீனியை என் வாயில் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததுதான் கொடைக்கானல். சந்தைத் தெரு, அதற்கு மேலே ஒரு தெரு, கீழே மூஞ்சிக்கல் வரைக்கும், எங்கே ஆவி பறந்ததோ அங்கே நுழைந்தோம். அம்மாவிடம் ஒரு வீம்பு உண்டு. ஒரு கடையில் ஒன்றும் வாங்காமல் எதையும் விசாரிக்க மாட்டாள். சும்மா வந்து கேட்டால் சும்மாதான் பதில் வரும் என்பாள். அதனால் ஒவ்வொரு கடையிலும் டீ. மூன்றாவது கடையிலேயே எனக்கு வயிறு முட்டிவிட்டது. ஆறாவது கடைக்குப் பிறகு ஒதுங்க இடம் தேடியதுதான் அந்த ஊரில் நான் உருப்படியாகச் செய்த சுற்றுலா. ஒரு கடையில், ஆமாம், அப்படி ஒருத்தன் வருவான் என்றார்கள். இன்னொன்றில் போன வாரம் வந்தான் என்றார்கள். இளவட்டமா வயசாளியா என்றால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சீனி வைத்த கையை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது கடை சந்தைக்குள்ளேயே இருந்தது. பூண்டிக் கேரட் மூட்டைகளுக்கும் பூண்டுக் குவியலுக்கும் நடுவே தார்ப்பாய் கட்டிய கடை. உள்ளே பெஞ்சில் தலைப்பாகை கட்டிய ஒருவர் உட்கார்ந்து இடது உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அது மாமா இல்லை. அறுபது வயதுக்காரர்.

எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதலில் பேர் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்றுதான் கேட்பார்கள். கணக்கு என்றால் தோட்டத்தின் பிரிவு. பெரியவர் தன்னுடையதைச் சொன்னார், அம்மா தன்னுடையதைச் சொன்னாள். இரண்டும் வேறு வேறு. அம்மா நேரடியாகக் கேட்டுவிட்டாள், மரம் சாய்ந்து செத்த செல்லத்துரையைத் தெரியுமா என்று.

தெரியும் என்றார். குழி வெட்டியதே நான்தான் என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏரியெல்லாம் மறந்துபோனது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் எந்தத் தோட்டம் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அதிகம் பேசாத பையன், வந்து ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார்.

"காது குத்தியிருந்திச்சா அண்ணே? எந்தம்பிக்கு நேர்த்திக்கடனுக்கு ரெண்டு காதும் குத்தியிருக்கும்."

பெரியவர் வெகு நேரம் யோசித்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். "செத்தவன் காத யாரு தங்கச்சி பாத்தா" என்றார்.

கடைக்காரர் அம்மாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்து, சீனியைக் கையில் கொடுத்தார். அம்மா குடிக்கவில்லை, கையை மூடி வைத்திருந்தாள். பெரியவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவர் போல நிமிர்ந்தார்.

"ஒன்னு சொல்றேன் தங்கச்சி. அந்தப் பையன் பால் ஊத்தித்தான் குடிப்பான். எங்களோட ஒருநாளும் கையில சீனி வாங்கல. சிலோன்ல பொறந்துட்டு இவன் என்னடா இப்பிடின்னு நாங்கள்லாம் பரிகாசம் பண்ணுவோம்."

அம்மா கையைத் திறந்தாள். அந்தச் சாயத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். அப்படின்னா அவன் இல்லை, அதே பேருள்ள வேறு யாரோ, என் தம்பி பாலைத் தொடமாட்டான் என்றாள். எனக்கு ஒரு சந்தேகம். நானே பால் டீக்கு மாறியவள்தானே, மாமாவும் மாறியிருக்கலாமே. நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு நல்ல தருணங்களில் அதுவும் ஒன்று.

பெரியவருக்கு மன்னவனூர்ப் பக்கம் வேலை. பூண்டியில் சிலோன் பையன் இன்னொருவன் இருப்பதாகக் கேள்வி, பேர் தெரியாது என்றார். சந்தைக்கு வந்த மேல்மலை ஆட்கள் எல்லோரும் நாலு மணி பஸ்ஸில்தான் திரும்புவார்கள், அங்கே போய் நின்று முகம் பாருங்கள் என்றார். மணி மூன்று ஆகியிருந்தது. போகிற வழியில் இன்னும் இரண்டு கடையில் நுழைந்து கேட்டோம். அம்மா எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

நாலு மணி பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. உருளைக்கிழங்குச் சாக்கு, மண்ணெண்ணெய் டின், கோழி, குழந்தை. அம்மா முன்வாசலில் ஏறினாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள், பின்வாசலில் இறங்கினாள். மறுபடி முன்வாசலில் ஏறினாள். ஒருத்தர் ஏம்மா இடிக்கிறீங்க என்று கோபித்துக்கொண்டார். மூன்றாவது தடவை இறங்கியபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு கதவு ஓடிவந்தது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். பழைய பங்களாக் கதவு, பச்சைப் பெயின்ட் உரிந்தது, பித்தளைக் கைப்பிடியோடு. அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு ஒருவன் ஓடிவந்தான். இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. கண்டக்டர் ஏணிப் பக்கம் நின்று கத்தினார், "ஏலே, கதவையும் தூக்கிட்டு வந்துட்டியா? இதுக்கெல்லாம் எடங் கெடையாதுலே."

கதவுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "மேல போட்டுக்கிறேங்க. உள்ள எடம் ஏலாதுன்னா நானும் மேலயே இருந்துக்கிறேங்க."

அந்த 'ஏலாது' என்கிற எங்கள் தோட்டத்துப் பேச்சையும் குரலையும் கேட்டதும் அம்மா நேரே போய் உள்ளங்கையால் கதவின் மேல் ஓங்கி ஓர் அடி வைத்தாள். முதல் அடி கதவுக்குத்தான் விழுந்தது. கதவு தள்ளாடிச் சரிந்து கீழே இறங்கியது. பின்னால் தாடியோடு மாமா. இரண்டு காதிலும் ஓட்டை. அடுத்த அடி அவருக்கு. அதற்கடுத்ததும் அவருக்கு. அடித்துக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

"ஒரு கடுதாசி போட ஏலாதாடா ஒனக்கு?"

மாமா குனிந்து கதவைப் பார்த்தார். "பட்டை உரிக்கிற எடத்துல ஒரு சாக்குக் கொட்டாயிலதான்க்கா இருந்தேன். அதப் போயி என்னான்னு எழுதுறது? இப்பத்தான் பூண்டியில ஒரு மண்ணு வீடு கட்டியிருக்கேன். கதவு வச்சுட்டு, வாங்கன்னு எழுதலாம்னு இருந்தேன்."

இரண்டு வருடம் ஒரு மனுஷன் கதவுக்காகக் கடிதம் எழுதாமல் இருந்திருக்கிறார். ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் மட்டும் நம்பினார்கள். வந்த இடத்தில் சரியாக இல்லை என்று எழுதுவதை விட எழுதாமலே இருந்துவிடுவது அவர்கள் எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான்.

கண்டக்டர் கதவை மேலே ஏற்றிக் கட்டினார். மாமா ஏறவில்லை. கதவை மட்டும் ஏற்றிக்கொண்டு பஸ் பூண்டிக்குப் போனது. எங்கள் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பாய் கடைக்குத்தான் போனாள். பாய் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். உனக்காக இந்த அம்மா ஊர் டீயெல்லாம் குடிச்சிருச்சப்பா என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார். ராத்திரி இங்கேயே படுத்துக்கொண்டு வெள்ளனே போகலாம் என்று மாமாவுக்குச் சொன்னார். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். என் அம்மா அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மில்லில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிள்ளை, அப்பாவின் இருமல், எல்லாம். நடுநடுவே மாமாவின் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாமா என் பக்கம் திரும்பி, ஏரி பாத்தியாம்மா என்று கேட்டார். அவ்வளவுதான், நான் கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டேன். பிள்ளை காலையிலிருந்து மாமனுக்காக அடக்கி வைத்திருந்திருக்கிறது என்று பாய் சொன்னார். அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் அழுதது முழுக்க முழுக்க ஏரிக்காகத்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொல்கிறேன்.

அந்தப் பக்கம் இப்போது டீக்கடைகளைக் காணோம், வரிசையாகச் சாக்லேட் கடைகள். பாய் கடை எது என்று கேட்டால் அடையாளம் காட்ட எனக்குத் தெரியாது. மேல்மலை பஸ்ஸுக்கு ஏணியும் இல்லை, கூரையில் மூட்டையும் இல்லை. பூண்டியில் எல்லோர் கையிலும் செல்போன், ஒருத்தருக்கு ஜலதோஷம் என்றால் இங்கே எனக்குத் தெரிந்துவிடுகிறது. பழசெல்லாம் போச்சே என்று பெருமூச்சு விடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். எனக்கு அந்த வருத்தம் வருவதில்லை. ஆள் இருக்கிறானா செத்தானா என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிவதும் அந்தப் பழசோடு சேர்ந்துதானே போனது. போகட்டும், நல்லபடியாகப் போகட்டும்.

மாமா போன தை மாதம் தன் வீட்டில் இறந்துபோனார். காலை ஏழு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஏழரைக்கெல்லாம் அடங்கிவிட்டார். பொண்டாட்டி பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். மகன் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினான். எட்டு மணிக்குள் எங்கள் எல்லோருக்கும் செய்தி வந்துவிட்டது, மதியத்துக்குள் நானும் அம்மாவும் காரில் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியின் முன்னால் போய் நின்றாள். அவளுடைய அப்பா இலங்கையிலேயே தங்கிவிட்டவர். அவர் செத்த செய்தி எட்டு மாதம் கழித்து ஒரு கடிதத்தில் வந்தது. என்றைக்கு என்று அதில் இல்லை.

"அய்யாவுக்கு எந்த நாள்ல படைக்கிறதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள். "இவனுக்கு நாள் இருக்கு."

அன்றைய தாளை மெதுவாகக் கிழித்து, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.